அத்தை வேப்பிலை அரைத்துவிட்டார்கள்: 11 மாதத்தில் பாலை நிறுத்தவா?

பாம்பன்காரி
மகனுக்கு 11 மாதம் முடியப் போகிறது. முதல் பிறந்தநாளுக்குள் பால் மறக்கடித்தே ஆக வேண்டும் என்று அத்தை ஒரே பிடியாக நிற்கிறார்கள். "ஒரு வயசுக்கு மேல அது பாலில்ல, வெறும் தண்ணி" என்கிறார்கள். நேற்று மார்பில் தடவச் சொல்லி வேப்பிலை அரைத்துக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டார்கள்.

நான் கடலில் பாசி எடுக்கப் போகிறவள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியலில் வள்ளம் ஏறினால் வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்கும்போதே மார்பு கல்லாகக் கட்டியிருக்கும், ஜாக்கெட்டெல்லாம் பால். உப்பைக் கழுவும் வரைகூட அவன் பொறுக்க மாட்டான். எனக்கு நிறுத்த மனசே இல்லை. என்ன செய்யட்டும்?

தொண்டி அண்ணன்
தங்கச்சி, நிறுத்திவிடு. எங்கள் மகள் பட்டதை வைத்துச் சொல்கிறேன். வாயில் சோற்றை வைத்தால் துப்பிவிட்டு அம்மா மடியில் போய் விழுவாள். ஒரு வயதில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. ரத்தம் குறைவு என்றார்கள். பாலை நிறுத்திய பிறகுதான் மீனும் சோறும் உள்ளே இறங்கியது. நீயும் நாள் முழுக்கக் கடலில் மூழ்கி எழுகிறவள். உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

தேவிபட்டினம் நர்ஸ்
தண்ணி என்பது தப்பு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் இணை உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 6 மாதத்திலிருந்து ஒரு வயது வரை பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் பாதியோ அதற்கு மேலோ, இரண்டாவது வயதில் மூன்றில் ஒரு பங்கும் தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கலாம்.

ஆனால் அண்ணன் மகளுக்கு வந்த ரத்தக் குறைவும் உண்மைதான். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. பிறக்கும்போது பிள்ளை உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்தது 6 மாதத்தோடு வற்ற ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் பாலை மட்டுமே நம்பியிருந்தால் ரத்தம் குறையத்தான் செய்யும். ஈரல், முட்டை மஞ்சள்கரு, முள் எடுத்த மீன், முருங்கைக்கீரை எல்லாம் தட்டுக்கு வர வேண்டும். கஞ்சியும் தண்ணீராக ஓடக் கூடாது, கரண்டியில் நிற்க வேண்டும்.

இன்னொன்று, 11 மாதத்தில் நிறுத்தினால் மாவுப்பால் வாங்க வேண்டியிருக்கும். கிணறெல்லாம் உப்பாக இருக்கிற நம் கரையில், குடம் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டு பாட்டிலை எத்தனை தடவை கொதிக்க வைக்கப் போகிறாய்? ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டிக் காய்ச்சலும் வரலாம்.

கீழக்கரை லாத்தா
எங்கள் வீட்டில் இதற்குச் சண்டையே வராது. தாய்மார்கள் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டலாம் என்று குர்ஆனில் 2:233 வசனம் சொல்கிறது. நான் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.

தொண்டி அண்ணன்
லாத்தா, அதே வசனத்தில், இரண்டு பேரும் கலந்து பேசி மனமொத்து முன்பே நிறுத்தினாலும் குற்றமில்லை என்றும் இருக்கிறதே?

கீழக்கரை லாத்தா
இருக்கிறது தம்பி. இரண்டு பேர் என்றால் தாயும் தகப்பனும். இங்கே தாயைக் கேட்காமலே வேப்பிலை அரைத்தாகிவிட்டது. அந்தப் பிள்ளை முகத்தைச் சுளித்து அழும்போது ராத்திரி முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கப் போவது யார்?

தேவிபட்டினம் நர்ஸ்
பாம்பன் தங்கச்சி, வள்ளம் ஏறும் முன் ஒரு தடவை, திரும்பியதும் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பால் கொடு. நடுவில் அத்தை சோறு ஊட்டட்டும். நீ கண்ணில் படாத நேரத்தில்தான் அவன் நன்றாகச் சாப்பிடுவான், பார்.

பாம்பன்காரி
கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அத்தை காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் மத்தியானம் நான் கரையேறி வந்தபோது, நகரை மீனை அவித்து, விரலால் தடவித் தடவி முள் பார்த்து, சோற்றில் பிசைந்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு வாய் வாங்கினான். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டான்.

தொண்டி அண்ணன்
நாலு வாய் போதாது தங்கச்சி. நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. நீ கொடுப்பதென்றால் கொடு, ஆனால் இந்த வாரமே ரத்தம் சோதித்துவிடு.