எங்கள் தோட்டத்துப் பங்கை வாங்கிய நண்பன்

2021 கடைசியில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நடந்தது. பள்ளிக்கூட நண்பன் ஒருவன் போனை நீட்டினான். திரையில் பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு கம்பனியின் நான்கெழுத்துக் குறி, பக்கத்தில் பச்சையாய் அதன் பங்கு விலை. "ரெண்டு கிழமையில எவ்வளவு ஏறியிருக்கு பாரு மச்சான்."

நாங்கள் இருவரும் பிறந்த தோட்டத்தை நடத்தும் கம்பனி அது. 1992ல் தோட்டங்களைத் தனியாரிடம் கொடுத்ததிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளும் அவர்கள் கையில்தான். நான் சொல்லித்தான் அவனுக்கே தெரியும்.

மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, நவம்பரில் தடையை எடுத்தும் எங்கள் மலைக்கு உரம் வந்து சேரவில்லை. கொழுந்து வெளிறிக் கிடந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று மார்ச்சில் வர்த்தமானி வந்தது, சரி. கேட்ட கிலோ கொழுந்து இல்லாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. இதையெல்லாம் சொன்னேன்.

"தேயிலை வித்தா என்ன, தகரம் வித்தா என்ன? எனக்குப் பின்னால விலையக் கூட்டிக் குடுத்து வாங்க ஒருத்தன் வருவான். அதுவரைக்கும் பிடிச்சிருந்தா போதும்."

அந்தப் பேச்சு இன்றைக்கும் உறுத்துகிறது. விலை அளவுக்கு மீறியது என்று அவனுக்கும் நன்றாகத் தெரியும். பெறுமதியைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி என்பது அவன் எண்ணம். கடையில் இருந்த இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

போட்டது அவன் அம்மாவின் சேமலாப நிதி. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த காசு. ஓய்வு பெற்றும் அவர் விரல் வெடிப்பில் கறுத்த கறை போகவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காச எதுல போட்டிருக்கான் தம்பி?" என்று கேட்டார். நம்ம தோட்டத்துக் கம்பனியில் என்றேன். "அப்பப் பயமில்ல" என்றார். அவர் அந்த மலையை நம்பினார்.

ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தையின் விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. ஏப்ரல் 12ந் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 18ந் திகதியிலிருந்து ஐந்து நாள் சந்தையையே மூடிவிட்டார்கள். திறந்த அன்றைக்கும் விழுந்தது. அன்று இரவு நண்பன் போன் எடுத்தான். "வாங்க ஆளில்ல மச்சான்." அதற்கு மேல் பேசவில்லை.

அப்புறம் கிடைத்த விலைக்கு விற்றான். அம்மா இப்போது இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அதே தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்.