துணை நடுவர் கொடுத்த டெக்னிக்கல் ஃபவுலைத் தலைமை நடுவர் ரத்து செய்யலாமா?

கேள்வி

நான் கூடைப்பந்து நடுவரானது போன ஆண்டுதான். சென்ற வாரம் இரண்டு நடுவர்கள் நடத்திய ஓர் ஆட்டத்தில் துணை நடுவராக நின்றேன். தலைமை நடுவர் நான் மிகவும் மதிக்கும் மூத்தவர்.

ஓர் அணியின் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) முதல் கால்பகுதியிலிருந்தே என் ஒவ்வொரு விசிலுக்கும் கையை விரித்துக்கொண்டு வந்து நின்றார். மூன்று முறை பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில் "போதும்" என்று சொன்னேன். மூன்றாம் கால்பகுதியில் பந்தைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு, என் கண் பார்வையைப் பழித்து ஒரு வார்த்தை சொன்னார். டெக்னிக்கல் ஃபவுல் (மோதலுக்கு அல்ல, நடத்தைக்குக் கொடுக்கும் தவறு) கொடுத்தேன். புள்ளி குறிப்பவர்களின் மேசைக்கு அறிவிப்பதற்குள் தலைமை நடுவர் ஓடிவந்து, ஆட்டக்காரர்கள் சுற்றி நிற்கும்போதே, "இதற்கெல்லாமா? எடுத்துவிடு" என்றார். எடுத்துவிட்டேன்.

அதன்பின் என் விசிலை இரண்டு அணிகளும் மதிக்கவில்லை. நான்காம் கால்பகுதியில், ஆட்டம் நின்றிருந்தபோது அதே ஆட்டக்காரர் எதிரணிக்காரரை மார்பில் கைவைத்துத் தள்ளினார். அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல் (ஆட்டப் பண்புக்கு மாறான மோதலுக்கான தவறு) கொடுத்தேன். எதிரணிப் பயிற்சியாளர் என்னிடம், "அந்த டெக்னிக்கல் நின்றிருந்தால் இவர் இப்போது வெளியே போயிருப்பார் அல்லவா?" என்று கேட்டார். எனக்கு வாயெழவில்லை. தலைமை நடுவருக்கு அந்த உரிமை உண்டா? நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில் 1

அந்தப் பயிற்சியாளர் கேட்டது சரி. ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி ஒரு டெக்னிக்கலும் ஒரு அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்கும் ஒரே ஆட்டக்காரர் பெயரில் விழுந்தால் அவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். டெக்னிக்கலுக்கு எதிரணிக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோதானே (தடுப்பார் இல்லாமல் கூடைக்கு எறிவது) என்று பலர் அதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது தவற்றின்போதுதான் அதன் முழுக் கனமும் தெரியவரும்.

பதில் 2

உரிமை உண்டு. நடுவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் இறுதி முடிவு தலைமை நடுவருடையது என்று விதியே சொல்கிறது. மூத்தவர் சொன்னதை ஏற்றதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

பதில் 3

மேலே சொன்னவர் விதியில் பாதியைத்தான் சொன்னார். ஒரு நடுவர் தன் கடமை எல்லைக்குள் எடுத்த முடிவை இன்னொரு நடுவர் ஒதுக்கவோ கேள்வி கேட்கவோ அதிகாரம் இல்லை என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் விசில் ஊதி வேறு வேறு முடிவு காட்டும்போதும், ஒருவர் ஐயத்தோடு மற்றவரைக் கேட்கும்போதும்தான் இறுதி முடிவு என்ற பேச்சு வருகிறது என்பது என் புரிதல். உங்கள் காதில் விழுந்த வசவு அவர் காதில் விழுந்திருக்காது. கேளாத ஒன்றை அவர் எப்படி ரத்து செய்ய முடியும்?

பந்து கோட்டுக்கு வெளியே போய், கடைசியாகத் தொட்டது யார் என்பதில் நடுவர்கள் வேறுபட்டால், விதி அதை ஜம்ப் பால் நிலையாக (பந்து யாருக்கு என்று தீராத நிலை) எடுத்துக்கொண்டு, அணிகளுக்கு முறை மாற்றிக் காட்டும் மேசை அம்புக்குறிப்படி பந்தைத் தருகிறது. அங்கே வேறுபடுவதற்கு விதியே இடம் வைத்திருக்கிறது. ஒழுங்கீனத்துக்கு அப்படி ஓர் அம்புக்குறி இல்லை. அதனால் அவர் உங்களைத் தனியே அழைத்து, "என்ன கேட்டாய்?" என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும். நீங்களும், "இன்ன சொல் சொன்னார், என் முடிவில் நான் நிற்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பத்து விநாடி போதும்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று முறை எச்சரித்தது அவருக்குத் தெரியுமா?

கேள்வி கேட்டவர்

தெரியாது. அவரிடம் சொல்லவில்லை. அந்த அணியின் பயிற்சியாளரிடமும் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன்பு வணக்கம் சொன்னதோடு சரி, நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

பதில் 3

முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. உங்கள் கணக்கில் அது நான்காவது முறை. அவர் கண்ணுக்கோ, திடீரென்று வந்த டெக்னிக்கல். அவர் பகிரங்கமாகப் பேசியது தவறுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதல் எச்சரிக்கை முடிந்ததுமே, அடுத்து ஆட்டம் நின்ற நேரத்தில், "ஏழாம் எண் ஆட்டக்காரரை எச்சரித்துவிட்டேன்" என்று அவர் காதில் போட்டிருந்தால், அதே வசவுக்கு அவரே விசில் ஊதியிருக்கக்கூடும். பயிற்சியாளருக்கும் தெரியட்டும். பல நேரம் ஆட்டக்காரரை அடக்குவது அவர்தான். அடக்காவிட்டாலும், பிறகு "எச்சரிக்கையே வரவில்லை" என்று அவரால் சொல்ல முடியாது.

மூன்று முறை என்பதும் அதிகம். சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளவும் எச்சரிக்கவும் விதி இடம் தருகிறது. அதே செயல் மீண்டும் வந்தால் விசில்தான். ஆளைப் பழித்துப் பேசினாலோ முதல் எச்சரிக்கைகூடத் தேவையில்லை.

விதிப்படி நம் அதிகாரம் ஆட்ட நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதற்கும் முன்னதாக வந்து, யார் எந்தப் பகுதியைப் பார்ப்பது, இரட்டை விசில் விழுந்தால் யார் கையைக் காட்டுவது, ஒருவர் டெக்னிக்கல் கொடுத்தால் மற்றவர் ஆட்டக்காரரை எப்படி விலக்கிக் கூட்டிப்போவது என்று பேசி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று அவரைத் தொலைபேசியில் அழைத்து, மூன்று எச்சரிக்கைகளையும் அந்தச் சொல்லையும் அப்படியே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்றார். பிறகு, "எல்லோர் முன்பும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். வரும் சனிக்கிழமையும் நாங்கள் இருவரும்தான் நடுவர்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லியிருக்கிறார்.