ஹீட் முள் 'சி'யை விட்டு நகரவில்லை, மீட்டர் போர்டு மாற்றித்தான் ஆக வேண்டுமா?

சேலத்துக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 98 மாடல், 800 சிசி, கார்புரேட்டர் கார். அப்பா வாங்கியது. இரண்டு மாதம் முன்பு வரை, வண்டியை எடுத்த பத்து நிமிடத்தில் ஹீட் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும், அப்புறம் அசையாது. பிறகு மேடு ஏறும்போது திடீர் திடீரென்று விழுவதும் எழுவதுமாக இருந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு சென்சார் போயிருக்கும் என்று புதிது போட்டார். போட்ட நாளிலிருந்து முள் 'சி'யிலேயே, அதாவது குளிர்ந்த பக்கமே, படுத்துவிட்டது. இப்போது மீட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார். பழைய சாமான் கடையில் தேடினால் கிடைத்துவிடும், ஆனால் அப்பா ஓட்டிய கிலோமீட்டர் கணக்கு இந்த போர்டில்தான் இருக்கிறது, அதைக் கழற்றிப்போட மனசு வரவில்லை. அடுத்த வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம். 20 கொண்டை ஊசி வளைவு, முள் வேலை செய்யாமல் ஏறப் பயமாக இருக்கிறது. ஃபேன் ஓடுகிறது, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டிலில் தண்ணீர் இருக்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

ஸ்பேனர் செட்:
போர்டில் கை வைக்காதீர்கள் சார். ஐந்து நிமிட வேலையில் போர்டு நல்லதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

உங்கள் சென்சாரில் ஒரே ஒரு ஒயர்தான் வரும். சூடு ஏற ஏற சென்சாருக்குள் இருக்கும் ரெசிஸ்டன்ஸ் குறையும், கரன்ட் அதிகமாகப் போகும், முள் மேலே ஏறும். ஒயரைக் கழற்றினால் முள் 'சி'க்குப் போகும், அதே ஒயரை எஞ்சின் இரும்பில் தொட்டால் சூடான 'எச்' பக்கம் ஏற வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், அந்த ஒயரின் முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் 3 வாட் டேஷ்போர்டு பல்ப் ஒன்றை வைத்துத் தொடுங்கள், நேரடியாக ரொம்ப நேரம் பிடித்தால் மீட்டர் காயில் போய்விடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்க்கட்டும். முள் ஏறினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்சார் பக்கம். ஏறவே இல்லையென்றால்தான் ஒயர் அறுந்திருக்கிறதா, போர்டுக்குப் பின்னால் நட்டு லூசா என்றெல்லாம் தேட வேண்டும். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து செத்திருந்தால் ஃபியூஸைப் பாருங்கள்.

இன்னொன்று, சென்சாருக்குத் தனியாக எர்த் ஒயர் கிடையாது, மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. லீக் ஆகக் கூடாது என்று குழாய் ரிப்பேருக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை நாலைந்து சுற்று சுற்றிப் போட்டுவிடுகிறார்கள், எர்த் அங்கேயே போய்விடும். உங்கள் சென்சாரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். புது சென்சார் போட்ட அன்றைக்கே முள் செத்தது என்று சொல்வதால் எனக்கு இதுதான் சந்தேகம்.

ஊட்டி பழைய வண்டி:
எல்லோரும் இப்போதைய கோளாறைப் பற்றிப் பேசுகிறோம், எனக்குக் கவலை முதலில் வந்த கோளாறுதான் தம்பி. மேடு ஏறும்போது முள் விழுந்து எழுந்தது என்கிறீர்களே, அது தண்ணீர் குறைந்த வண்டி செய்கிற வேலை. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீர் இறங்கி அந்த இடத்தில் காற்றோ ஆவியோ நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும். கோத்தகிரி ரோட்டில் என் வண்டிக்கு இதே நடந்தது. முள் இறங்கியதைப் பார்த்து சூடு தணிந்துவிட்டது என்று நம்பி இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினேன், எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போனது.

பாட்டிலில் தண்ணீர் இருப்பதை நம்பாதீர்கள். காலையில், எஞ்சின் தொட்டால் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், கழுத்து வரை நிற்க வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் திறந்துவிடாதீர்கள். உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான், திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும்.

சென்சாரைக் கழற்றினால் கொதிக்கும் தண்ணீரில் முனையை மட்டும் முக்கி மல்டிமீட்டரில் பாருங்கள், ஓம்ஸ் சரசரவென்று இறங்க வேண்டும். எங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சேலத்தில் கிட்டத்தட்ட 100 கிடைக்கும், உங்களுக்கு வசதி.

சேலத்துக்காரன்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இன்று காலை உட்கார்ந்துவிட்டேன்.

பல்ப் வைத்துத் தொட்டதும் முள் மேலே ஏறியது, என் மகள் உள்ளேயிருந்து கத்தினாள். போர்டு நன்றாக இருக்கிறது. மல்டிமீட்டரில் சென்சாரின் பின்னுக்கும் அதன் உடம்புக்கும் ரீடிங் வந்தது, ஆனால் உடம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பீப் வரவே இல்லை, அதாவது எர்த் இல்லை. கழற்றினால் மரை தெரியாத அளவுக்கு வெள்ளை டேப். எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்து, செம்பு வாஷர் புதிது போட்டு முடுக்கினேன். லீக் இல்லை, முள் வந்துவிட்டது.

ஊட்டி அண்ணா சொன்னதும் சரி. பாட்டில் நிறைய இருக்கிறது, ரேடியேட்டரில் முக்கால் லிட்டர் குறைவு! மூடிக்குப் பக்கத்திலிருந்து பாட்டிலுக்குப் போகும் சின்ன ஹோஸ் அடியில் வெடித்திருக்கிறது. சூட்டில் தண்ணீர் பாட்டிலுக்குப் போகிறது, ஆறும்போது தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது. ஹோஸ் மாற்றிவிட்டேன். அப்படியானால் பழைய சென்சார் நல்லதாகவே இருந்திருக்கும் போல, தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஸ்பேனர் செட்:
நல்லது சார். ஊற்றியதோடு விடாதீர்கள், உள்ளே காற்று நிற்கும். ஆறிய எஞ்சினில் மூடியைக் கழற்றி, ஹீட்டரை ஹாட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சூடு ஏறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்போது மேல் ஹோஸ் சூடாகும், தண்ணீர் மடமடவென்று இறங்கும், ஊற்றி நிரப்பி மூடுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ராத்திரி ஹெட்லைட் போடும்போது ஹீட் முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து நகர்ந்தால் போர்டின் எர்த்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சேலத்துக்காரன்:
ஏற்காடு போய் வந்தாயிற்று. வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது முள் பாதியைத் தாண்டி ஒரு கோடு ஏறியது, ஃபேன் ஓடியதும் இறங்கியது, ஒரு தடவை கூடத் துள்ளவில்லை. ஹெட்லைட் போட்டும் பார்த்தேன், இரண்டு முள்ளும் அசையவில்லை. மறுநாள் காலை மூடியைத் திறந்தேன், கழுத்து வரை நிற்கிறது.