பினாங்கு வளாகத்துக்குப் பூமிச் சூடு உதவுமா?

ஜெலுத்தோங் மாணவன்: அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் வளாகத்தைப் பூமிச் சூட்டால் வெதுவெதுப்பாக்கப் பார்க்கிறது, 2022-இல் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சோதனைக் கிணறே தோண்டிவிட்டார்கள். நமக்குக் குளிர்ச்சிதானே வேண்டும், இங்கே பயன் உண்டா அண்ணா?

ஏர்கான் அண்ணன்: உண்டு தம்பி. கிணற்றுத் தண்ணீர் 90 டிகிரிக்கு வந்தால் அப்சார்ப்ஷன் சில்லரை, அதாவது சூட்டைக் கொண்டே குளிர்ச்சி தரும் இயந்திரத்தை, ஓட்டலாம். கம்ப்ரசருக்குப் பதில் லித்தியம் புரோமைடு கரைசல் நீராவியை உறிஞ்சும், கிணற்றுச் சூடு அந்த நீராவியைக் கரைசலிலிருந்து திரும்பப் பிரித்தெடுக்கும். ஆனால் பினாங்கு கருங்கல் தீவு, துளையிடுவதற்கே பெரும் செலவாகும்.

மாணவன்: சரி, மேலாகத் தோண்டி மண்ணில் கட்டடத்துச் சூட்டை இறக்கினால்?

பட்டர்வொர்த் அக்கா: குளிர்காலம் இருந்தால்தான் இறக்கிய சூட்டைத் திரும்ப எடுப்பார்கள். இங்கே மண் ஆண்டுக்காண்டு சூடேறிக்கொண்டே போகும். கார்னெல்கூடக் குளிர்ச்சிக்கு 2000 முதல் கயூகா ஏரியின் ஆழத்துத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. அப்புறம், கட்டடத்துக்கு நிழல் வேண்டும் தம்பி, அதை முதலில் கேளுங்கள்.