வரைபடத்தில் செம்பனைப் பிளாக்கின் எண்ணை அதன் நடுவில் வைப்பது எப்படி?

கேள்வி: தோட்டத்து வரைபடம், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் செம்பனைத் தோட்டத்தின் பிளாக் வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைந்து வருகிறேன். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் மண்டோர்களும் (மேற்பார்வையாளர்களும்) டிராக்டர் ஓட்டுநர்களும் இந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குள் போகிறார்கள். ஆகவே ஒவ்வொரு பிளாக்கின் எண்ணும் அந்தப் பிளாக்குக்குள்ளேயே, பார்த்தவுடன் கண் போய் நிற்கும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

சதுரமான பிளாக்குகளில் தொல்லை இல்லை. குன்றின் அடிவாரத்தைச் சுற்றிப் பிறை போல வளைந்து கிடக்கும் 09சி பிளாக்கில்தான் சிக்கல். அதன் மையப்புள்ளி பிறையின் வயிற்றுப் பக்கத்தில், அதாவது பக்கத்துப் பிளாக்கான 11ஏ-க்குள் போய் விழுகிறது. 11ஏ-யில் இரண்டு எண்கள் நிற்க, 09சி வெறுமையாகக் கிடக்கிறது. சென்ற மாதம் புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் அந்த எண்ணை நம்பி 40 உர மூட்டைகளை 11ஏ-யின் ஓரத்தில் இறக்கிவிட்டார். அவற்றை மறுபடி ஏற்றி இறக்க அரை நாள் ஆயிற்று. பிழை அவருடையதன்று, என் வரைபடத்தினுடையது.

புள்ளி உள்ளேதான் விழ வேண்டும் என்னும் தேர்வைப் போட்டுப் பார்த்தேன். எண் உள்ளே வந்தது, ஆனால் பிறையின் ஒல்லியான இடத்தில் ஒண்டிக்கொண்டது. பிறகு 'போல் ஆஃப் இனாக்ஸசிபிலிட்டி' என்னும் கருவியை, டாலரன்ஸ் (பொறுத்துக்கொள்ளும் பிழையளவு) 1 என்று கொடுத்து ஓட்டினேன். அப்படியும் பாதி எண் எல்லையிலுள்ள கானுக்கு (வடிகாலுக்கு) மேலே தொங்குகிறது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி: ஓய்வுபெற்ற வரைவாளர், ஈப்போ

தம்பி, முதலில் மையப்புள்ளி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிளாக்கின் வடிவத்தை அட்டையில் வெட்டிப் பென்சில் முனையில் நிறுத்தினால் எந்த இடத்தில் சாயாமல் நிற்குமோ, அதுவே மையப்புள்ளி. அது எடைக்கான நடு. பிறை வடிவத்தில் அந்த இடம் அட்டைக்கு வெளியே போய்விடுவது இயல்புதான்.

நாங்கள் டிரேசிங் தாளில் வரைந்த காலத்தில் நாணயத்தை வைத்துத்தான் எண்ணுக்கு இடம் பார்ப்போம். 20 சென் நாணயத்தைப் பிளாக்குக்குள் வைத்து நகர்த்துவோம். கோட்டைத் தொடாமல் தாராளமாக நகர்ந்தால் 50 சென் நாணயத்தை எடுப்போம். இனி நகர்த்த இடமில்லை என்று நாணயம் மூன்று பக்கமும் முட்டி நிற்கிறதே, அங்கேதான் பிளாக் மிக அகலமாக இருக்கிறது என்று பொருள். நாணயத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அங்கே எண்ணை எழுதிவிடுவோம். நீங்கள் சொல்லும் கருவி தேடுவதும் இதைத்தான்: எல்லைக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் நடு. எல்லாக் கரைகளிலிருந்தும் மிகத் தொலைவில் உள்ள இடம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்; கடற்கரையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நிலப்பகுதியைக் குறிக்கப் புவியியலில் வழங்கும் பெயர் அது.

மறுமொழி: நில அளவைப் பணியாளர், கோலா சிலாங்கூர்

ஐயா சொன்ன விளக்கத்துக்குமேல் சேர்க்க எனக்கு அதிகம் இல்லை. தவறு டாலரன்ஸில் இருக்கும் என்று நினைக்கிறேன். கையடக்க ஜிபிஎஸ் கருவியில் எடுத்த எல்லைகளை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 முறையில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் கொடுத்த 1 என்பது ஒரு மீட்டர் அன்று, ஒரு பாகை. நம் மலேசியாவில் ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். சுங்கை சிப்புட்டிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

இந்தக் கருவி, 2016-இல் மேப்பாக்ஸ் நிறுவனத்தில் விளாதிமிர் அகஃபோன்கின் எழுதிய பாலிலேபிள் என்னும் முறையைப் பின்பற்றுகிறது. பிளாக் முழுவதையும் பெரிய சதுரக் கட்டங்களால் மூடி, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மிக அருகிலுள்ள எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கிறது. நடு வெளியே விழுந்தால் அந்தத் தூரத்துக்கு எதிர்க்குறி போடுகிறது. கட்டத்துக்குள் வேறு எங்கே போய் நின்றாலும், அளந்த தூரத்தோடு அரை மூலைவிட்டத்தைக் கூட்டினால் வருவதற்கு மேல் கிடைக்காது. இதுவரை கிடைத்த சிறந்த புள்ளியை அந்த உச்ச அளவு டாலரன்ஸுக்கும் அதிகமாக மிஞ்சுமானால் மட்டுமே கட்டத்தை நான்காக வெட்டித் தேடலைத் தொடர்கிறது. மிஞ்சாவிட்டால் அந்தக் கட்டத்தை ஒதுக்கிவிடுகிறது. 110 கிலோமீட்டரை டாலரன்ஸாகக் கொடுத்தால் எந்தக் கட்டம்தான் மிஞ்சும்? முதலில் போட்ட பெரிய கட்டங்களோடு கணக்கு நின்றுவிடுகிறது.

எல்லைகளை, மீட்டரில் அளக்கும் ஜிடிஎம்2000 பெனின்சுலா ஆர்எஸ்ஓ முறைக்கு, அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 3375 என்னும் குறியீட்டு எண்ணுள்ள முறைக்கு மாற்றிவிட்டுக் கருவியை ஓட்டுங்கள். டாலரன்ஸ் 5 மீட்டர் போதும். செம்பனைக் கன்றுகளை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையிலான தூரத்தைவிட நுணுக்கமாக எண்ணை வைப்பதால் மண்டோருக்குப் பயன் இல்லை.

மறுமொழி: தோட்டத்து வரைபடம், சுங்கை சிப்புட்

மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. பாகையில்தான் வைத்திருந்தேன். 3375-க்கு மாற்றி ஓட்டியதும் 09சி-யின் எண், பிறை பருத்திருக்கும் தென்பக்கத்தில் அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் நன்றாக இருந்த 12பி இப்போது கெட்டுவிட்டது. அது 300 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் நீளும் பட்டைப் பிளாக். எண் கிழக்குக் கோடிக்கு ஓடிவிட்டது.

மறுமொழி: நில அளவைப் பணியாளர், கோலா சிலாங்கூர்

அது கருவியின் பிழை அன்று, தம்பி. 300 மீட்டர் அகலப் பட்டையில் 150 மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஏறத்தாழ 700 மீட்டர் தூரத்துக்கு எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். கிழக்குக் கோடியில் கான் வளைவால் சில மீட்டர் அகலம் கூடியிருக்கும். அந்தச் சில மீட்டருக்காக நடு அங்கே போய்விட்டது. மிக அகலமான இடமும் கண் நடுவென்று கொள்ளும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நான் செய்வது இதுதான். முதலில் மையப்புள்ளியைக் கணக்கிடுகிறேன். அது பிளாக்குக்குள் விழுந்து, அங்கிருந்து எல்லைக்குள்ள தூரம், பெரிய வட்டத்தின் ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்காவது இருந்தால் மையப்புள்ளியையே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மட்டும் வட்டத்தின் நடுவுக்குப் போகிறேன். ஐந்தில் நான்கு என்பது என் கைப்பழக்கத்தில் வந்த அளவு; உங்கள் பிளாக்குகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆரத்தைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. கருவி தரும் புள்ளி அடுக்கில் 'டிஸ்ட் போல்' என்னும் பத்தியில் அது வந்துவிடும். எழுத்தின் அளவைக்கூட அதைக்கொண்டு முடிவு செய்யலாம்.

எண்ணோடு ஹெக்டரையும் ஒரே வரியில் எழுதுவதாக இருந்தால் எழுத்து நீளமாகும். அதற்கு வட்டம் பொருந்தாது. எழுத்தின் நீளம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு என்றால், பிளாக்கை வடக்கு தெற்காக மூன்று மடங்கு இழுத்துவிட்டு நடுவைத் தேடி, கிடைத்த புள்ளியை மறுபடி மூன்றில் ஒன்றாகச் சுருக்குங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வரைவாளர், ஈப்போ

ஒன்று விட்டுப்போயிற்று. பிளாக்குக்கு உள்ளே கோயில் நிலமோ குட்டையோ இருந்தால், அதை எல்லையிலிருந்து ஓட்டையாக வெட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மேலே வேறு அடுக்கில் வரைந்து மட்டும் வைத்திருந்தால் கருவிக்கு அது தெரியாது.

மறுமொழி: தோட்டத்து வரைபடம், சுங்கை சிப்புட்

ஐயா, 14டி-யில் முனீஸ்வரர் கோயில் அப்படித்தான் வேறு அடுக்கில் இருந்தது. எண் கோயிலின் மேலேயே நின்றது. ஓட்டையாக வெட்டியதும் மேற்கே நகர்ந்துவிட்டது. அக்கா சொன்ன அளவுக்கு 12பி-யும் நடுவுக்குத் திரும்பிவிட்டது. நாளைப் பெரட்டுக்கு முன்பே புதிய வரைபடத்தை அச்சிட்டுப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.