கிளவுட் ஷெல்லில் பாதியில் நின்றுபோன நகலெடுப்பு: எந்த வேலையை அங்கே வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி – புதுவரவு

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர்களை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மெய்நிகர் கணினிகள் கூகுள் கிளவுடில், மும்பை வட்டாரத்தில் இருக்கின்றன. மடிக்கணினியில் ஜிகிளவுட் என்ற கட்டளைக் கருவியை நிறுவி அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டிருப்பதை விட, உலாவியிலேயே திறந்துகொள்ளும் கட்டளைச் சாளரமான கிளவுட் ஷெல் எளிதாக இருந்ததால், இரண்டு மாதங்களாக எல்லா வேலைகளையும் அதிலேயே செய்து வருகிறேன். சென்ற வாரம் அடுத்தடுத்து மூன்று சிக்கல்கள் வந்தன. மூன்றுமே என் புரிதலில் இருந்த குறையால் வந்தவை என்று தோன்றுவதால், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, சுமார் 300 ஜிபி அளவுள்ள காப்புப்பிரதிகளை ஒரு பக்கெட்டிலிருந்து (கிளவுடில் கோப்புகளைச் சேமிக்கும் இடம்) இன்னொரு பக்கெட்டுக்கு நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மதிய உணவுக்குச் சென்றேன். ஷெல் அமர்வைப் பின்னால் ஓட வைத்திருக்கும் டிமக்ஸ் இருப்பதால் இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும் என்று நம்பியிருந்தேன். திரும்பி வந்து இணைத்தபோது டிமக்ஸில் ஒன்றும் இல்லை. நகலெடுப்பும் பாதியில் நின்றிருந்தது. இரண்டாவது, லினக்ஸில் மென்பொருள் நிறுவப் பயன்படும் ஏபிடி மூலம் நிறுவிய கருவிகள் மறுநாள் காணாமல் போயிருந்தன. ஆனால் நான் எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள் அப்படியே இருந்தன.

மூன்றாவதுதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. காலையில் சோதனை ப்ராஜெக்டைத் (சர்வர்களைப் பிரித்து வைக்கும் தொகுப்பு) தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். மாலையில் புதிய டேப் ஒன்றைத் திறந்து, ஒரு சர்வரை நிறுத்தும் கட்டளையைத் தட்டிவிட்டு, என்டரை அழுத்தப் போகும் நேரத்தில் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த பெயர் கண்ணில் பட்டது. அது வாடிக்கையாளர்கள் அந்த நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருந்த ப்ராஜெக்டின் பெயர். நான் தேர்ந்தெடுத்தது ஏன் மாறியது?

பதில் – வேப்பமரம்

வணக்கம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கிளவுட் ஷெல்லைத் திறக்கும்போது உங்களுக்கென்று டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்கும் ஒரு தற்காலிக மெய்நிகர் கணினி உருவாக்கப்படுகிறது. அதனோடு உங்கள் 5 ஜிபி ஹோம் கோப்புறை வந்து இணைகிறது. கணினி அன்றாடம் வந்து போகும், கோப்புறை மட்டுமே நிலைத்திருக்கும். இந்தப் பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால், எது மிஞ்சும், எது மறையும் என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட முடியும்.

நீங்கள் விசைப்பலகையைத் தொடாமல் சில நேரம் இருந்தால் அமர்வு முடிவுக்கு வரும். தொடர்ந்து பயன்படுத்தினாலும் ஓர் அமர்வுக்கு 12 மணி நேரமே எல்லை. வாரத்துக்கு 50 மணி நேரம் என்ற ஒதுக்கீடும் உண்டு. டிமக்ஸ் உங்களைக் காப்பாற்றுவது உலாவிக்கும் அந்தக் கணினிக்கும் இடையிலான இணைப்பு சிறிது நேரம் அறுந்துபோகும்போது மட்டுமே. கணினியே எடுக்கப்பட்டுவிட்டால் அதன் நினைவகத்தில் இருந்த டிமக்ஸும் அதோடு போய்விடும். ஆகவே கிளவுட் ஷெல்லைக் கட்டளை இடும் இடமாக மட்டும் கொள்ளுங்கள். மணிக்கணக்கில் ஓடும் வேலையை வேறிடத்தில் ஓட விடுங்கள். பக்கெட்டுகளுக்கு இடையிலான நகலெடுப்புக்கு ஸ்டோரேஜ் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் இருக்கிறது; பணியை அதில் பதிவு செய்துவிட்டு நீங்கள் உலாவியையே மூடிவிடலாம். பாதியில் நின்றதை இப்போதே முடிக்க வேண்டுமானால், 'ஜிகிளவுட் ஸ்டோரேஜ்' கட்டளையில் உள்ள 'ஆர்சிங்க்' பகுதியைப் பயன்படுத்துங்கள். அது இலக்கில் ஏற்கெனவே இருப்பவற்றை விட்டுவிட்டு, விடுபட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். எத்தனை முறை திரும்ப ஓட்டினாலும் தீங்கில்லை.

ஏபிடி கருவிகளைச் சிஸ்டம் கோப்புறைகளில் எழுதுகிறது. அவை தற்காலிகக் கணினியின் வட்டில் இருப்பவை. டாக்கர் இமேஜ்களுக்கும் (பொதிந்து வைத்த மென்பொருள் தொகுப்புகள்) இதே கதிதான். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கி, 'கஸ்டமைஸ்', 'என்விரான்மென்ட்' என்ற இரு சொற்களை அடிக்கோட்டால் இணைத்த பெயருடன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை கணினி உருவாகும்போதும் அது ரூட் (முழு நிர்வாகி) உரிமையுடன் தானாக ஓடும். உங்கள் ஏபிடி வரிகளை அதில் எழுதுங்கள். அது பின்னணியில் ஓடுவதால், ஷெல் திறந்த கையோடு கருவியைத் தேடினால் கிடைக்காமல் இருக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹோம் கோப்புறையும் என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. 120 நாட்கள் கிளவுட் ஷெல் பக்கமே போகாமல் இருந்தால், மின்னஞ்சல் மூலம் எச்சரித்துவிட்டு அதை அழித்துவிடுவார்கள். சர்வர் அமைப்புகளைக் கோப்பாக எழுதி உருவாக்கும் டெர்ராஃபார்ம் கருவியை நீங்கள் பயன்படுத்துவதாக இருந்தால், எதை உருவாக்கியது என்று அது பதிந்து வைக்கும் ஸ்டேட் கோப்பை அங்கே வைக்கவே கூடாது. வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் காத்து வைக்கும் வசதி) இயக்கப்பட்ட ஒரு பக்கெட்டில் வையுங்கள். ஸ்கிரிப்டுகள், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் இருக்கட்டும்.

பதில் – கடலோரம்

மேலே நண்பர் விரிவாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது சிக்கலைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். மூன்றில் உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

மடிக்கணினியில் ஜிகிளவுடின் விருப்ப அமைப்புகள் ஹோம் கோப்புறையில் பதிவாகும். ஒருமுறை ப்ராஜெக்டை அமைத்தால் நீங்கள் மாற்றும் வரை அது அப்படியே இருக்கும். கிளவுட் ஷெல்லில் அவை ஒரு தற்காலிகக் கோப்புறையில், அந்தந்த டேபுக்கென்று தனித்தனியே வைக்கப்படுகின்றன. காலையில் ஒரு டேபில் அமைத்தது மாலையில் திறந்த இன்னொரு டேபுக்குத் தெரியாது. புதிய டேப், அந்த நேரத்தில் கன்சோல் என்ற மேலாண்மை வலைப்பக்கத்தின் மேற்பட்டையில் எந்த ப்ராஜெக்ட் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் இடையில் கன்சோலில் வாடிக்கையாளர் ப்ராஜெக்டைத் திறந்து பார்த்திருப்பீர்கள்.

எனவே நிறுத்துதல், அழித்தல், அளவை மாற்றுதல் போன்ற எந்தக் கட்டளையானாலும், முன்னால் இரு சிறு கோடுகள் இட்ட 'ப்ராஜெக்ட்' தேர்வையும் 'ஸோன்' (சர்வர் இருக்கும் பகுதி) தேர்வையும் அதே வரியில் வெளிப்படையாக எழுதுங்கள். தட்டெழுதுவது சற்று நீளும்; ஆனால் அமைப்பு எதுவாக இருந்தாலும் கட்டளை சொன்ன இடத்துக்கே போகும். ஸ்கிரிப்டுகளில் இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கப்படவே கூடாத சர்வர்களுக்கு 'டெலீஷன் ப்ரொடெக்‌ஷன்' என்ற பாதுகாப்பை இயக்கி வையுங்கள். அது அழிப்பதைத் தடுக்குமே தவிர நிறுத்துவதைத் தடுக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதற்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. கிளவுட் ஷெல்லுக்கென்று தனி உரிமை கிடையாது; உலாவியில் உள்நுழைந்திருக்கும் உங்கள் கணக்கின் உரிமைகளே அதன் உரிமைகள். உங்கள் கணக்கு இரண்டு ப்ராஜெக்டிலும் உரிமையாளராக இருந்தால், தவறான இடத்தில் தட்டிய கட்டளையைத் தடுக்க எதுவும் இல்லை. அன்றாட வேலைக்கு, வாடிக்கையாளர் ப்ராஜெக்டில் பார்க்கும் உரிமை மட்டும் உள்ள கணக்கைப் பயன்படுத்துங்கள். மாற்றம் செய்ய வேண்டிய நாளில் மட்டும் மற்றக் கணக்கில் நுழையுங்கள். தனியாளாக இருப்பதால்தான் இது உங்களுக்கு இன்னும் தேவை. பக்கத்தில் அமர்ந்து 'ஒரு நிமிடம்' என்று சொல்ல உங்களுக்கு ஆள் இல்லை.

பதில் – புதுவரவு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர்சிங்க் ஓட்டினேன், விடுபட்டவை மட்டும் நகலாகின. அடுத்த மாதத்திலிருந்து இதை டிரான்ஸ்ஃபர் பணியாகப் பதிவு செய்யப் போகிறேன். கடலோரம் சொன்னதும் சரியே. சர்வரின் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்ப்பதற்காகக் கன்சோலில் ப்ராஜெக்டை மாற்றியிருந்தேன். இன்னும் ஓர் ஐயம்: எங்கள் சர்வர்களுக்குப் பொது ஐபி முகவரியை நீக்கிவிட நினைக்கிறேன். அதன் பிறகும் கிளவுட் ஷெல்லிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை) மூலம் உள்ளே செல்ல முடியுமா? வேறு நிறுவனங்களின் மேகத்திலும் (கிளவுடிலும்) இதே நடைமுறைதானா?

பதில் – வேப்பமரம்

முடியும், அப்படிச் செய்வதே நல்லது. 'ஜிகிளவுட் கம்ப்யூட் எஸ்எஸ்எச்' கட்டளையோடு, ஐஏபி (கணக்கைச் சரிபார்த்து உள்ளே விடும் கூகுளின் இடைவாயில்) வழியாகச் சுரங்கம் அமைக்கும் தேர்வைச் சேர்த்தால் போதும். ஃபயர்வாலில் 35.235.240.0/20 என்ற முகவரி வரம்பிலிருந்து மட்டும் 22ஆம் போர்ட்டுக்கு அனுமதி கொடுங்கள்; உலகத்துக்கே திறந்து வைத்த பழைய விதி இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். உங்கள் கணக்குக்குச் சுரங்கத்தைப் பயன்படுத்தும் ஐஏஎம் (அணுகல் மேலாண்மை) உரிமையும் வேண்டும். பொது ஐபியை நீக்கும் முன் இந்த வழியில் ஒருமுறை உள்ளே சென்று பாருங்கள். பொது ஐபி இல்லாத சர்வர் தானாக இணையத்துக்கு வெளியே போக முடியாது என்பதால், அதில் ஏபிடி புதுப்பிப்புகள் ஓட வேண்டுமானால் கிளவுட் நாட் (வெளியே செல்லும் இணைப்புகளுக்கான வழி) அமைக்க வேண்டியிருக்கும்.

பதில் – ஆற்றுப்பாலம்

மற்ற மேகங்களைப் பற்றி நான் சொல்கிறேன், அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்டின் அஸூர் இரண்டையும் அலுவலகத்தில் பயன்படுத்துகிறேன். 2020 டிசம்பரில் வந்த ஏடபிள்யூஎஸ் கிளவுட்ஷெல்லில் நிலையான இடம் 1 ஜிபிதான், அதுவும் வட்டாரத்துக்கு ஒன்று. மும்பையில் வைத்த கோப்பை சிங்கப்பூர் வட்டாரத்தில் தேடினால் இருக்காது. அங்கேயும் 12 மணி நேர எல்லையும் 120 நாள் கணக்கும் உண்டு. பின்னணியில் ஓடும் வேலையை அவர்கள் பயன்பாடாகக் கருதுவதில்லை. அஸூரில் 20 நிமிடங்கள் தொடாமல் இருந்தால் அமர்வு முடியும். பாஷ், பவர்ஷெல் என்ற இரு கட்டளைச் சூழல்களும் கிடைக்கும். ஆனால் கோப்புகள் நிலைக்க வேண்டுமானால் உங்கள் சொந்த ஸ்டோரேஜ் கணக்கை இணைக்க வேண்டும், அந்த இடத்துக்கு வழக்கமான கட்டணமும் உண்டு.

எந்த மேகமானாலும் சர்வீஸ் அக்கவுன்டின் (நிரல்களுக்கான கணக்கின்) சாவிக் கோப்பை அந்த ஹோம் கோப்புறையில் பதிவேற்றி வைக்காதீர்கள். உள்நுழைந்த கணக்கின் உரிமையே அங்கே கிடைப்பதால், அந்தச் சாவிக்கு அங்கே வேலையே இல்லை.