கர்தினால் கஸ்பாரியும் நம்ம ஊர்க் கல்யாணப் பதிவேடும்

மறைக்கல்வி_முளகுமூடு கேட்டது:

பங்கு மலருக்கு கர்தினால் பியெத்ரோ கஸ்பாரி பற்றி இரண்டு பக்கம் எழுதணும். 1917 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் சிற்பி, முசோலினியோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் என்கிற அளவுக்குத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது மூன்று.

ஒன்று, பிழையில்லாத தேதிகள். சட்டம் வந்த வருஷத்தையே ஒரு இடத்தில் 1917 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1918 என்கிறார்கள். இரண்டு, அத்தனை நூற்றாண்டுச் சட்டத்தை ஒரே புத்தகத்தில் எப்படி அடக்கினார்கள் என்ற வேலைமுறை. மூன்று, இதனால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்களுக்கு என்ன? இலத்தீன், சீரோ மலபார், மலங்கரை மூன்று ரீத்தும் (கத்தோலிக்கருக்குள் தனித்தனி வழிபாட்டு மரபு) பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஊர் இது. பழைய கல்யாணப் பதிவேட்டில் ‘இரண்டாம் படியில் விலக்கு’ (அந்த அளவு நெருங்கிய உறவில் கட்டிக்கொள்ளச் சிறப்பு அனுமதி) என்று இலத்தீனில் எழுதியிருப்பதை இன்றைய சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் கூடப்பிறந்தவர்கள் என்று வருகிறது! இது எப்படி?

கோட்டாறு வாசகர்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

பிறப்பு 1852 மே 5, மத்திய இத்தாலியில் உசித்தா என்ற மலையூர். 1877-ல் குருப்பட்டம். 1880 முதல் 1898 வரை பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தில் திருச்சபைச் சட்டப் பேராசிரியர். இந்த 18 வருஷத்தை ஒரு வரியில் தள்ளிவிட்டு நேரே முசோலினிக்குப் போவதுதான் எல்லாக் கட்டுரையிலும் நடக்கிற தப்பு. திருமணச் சட்டம் பற்றிய அவருடைய பெரிய இலத்தீன் நூல் 1891-ல் வெளிவந்தது. எந்த விதி எதோடு முட்டுகிறது, எது செத்த விதி, எது உயிரோடு இருக்கிறது என்று வருஷா வருஷம் வகுப்பில் பிரித்துக் காட்டியவர். பின்னால் தொகுப்பு வேலை அவர் கைக்கு வந்ததற்கு அதுதான் காரணம்.

1898-ல் பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளுக்குத் திருத்தந்தையின் தூதர். 1901-ல் உரோமைக்குத் திரும்பி அயல்விவகாரப் பேராயத்தின் (வத்திக்கான் துறையின்) செயலர். 1904-ல் திருத்தந்தை பத்தாம் பயஸ் தொகுப்பு வேலையைத் தொடங்கியபோது அதற்கும் செயலர். 1907 டிசம்பரில் கர்தினால். 1914 அக்டோபரில், பதவியேற்றுச் சில வாரமே ஆன கர்தினால் ஃபெராத்தா இறந்துபோக, அவர் இடத்தில் வத்திக்கான் நாட்டுச் செயலர். 15-ஆம் பெனடிக்ட் இறந்து 11-ஆம் பயஸ் வந்தபோதும் அதே நாற்காலி. திருத்தந்தை மாறினால் நாட்டுச் செயலரும் மாறுவதுதான் அன்றைய வழக்கம், இவர் விதிவிலக்கு. 1929 பிப்ரவரி 11 முசோலினியோடு இலாத்தரன் உடன்படிக்கை, 1930 பிப்ரவரியில் ஓய்வு, 1934 நவம்பர் 18-ல் மரணம்.

உங்கள் 1917, 1918 குழப்பத்தில் இரண்டுமே சரி. சட்டம் அறிவிக்கப்பட்டது 1917 மே 27, பெந்தகோஸ்தே ஞாயிறு. நடைமுறைக்கு வந்தது அடுத்த பெந்தகோஸ்தே, 1918 மே 19. மலரில் இரண்டையும் போடுங்கள், பதிவேடு பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது தேதிதான் கணக்கு.

இன்னொன்று: என்ரிக்கோ கஸ்பாரி என்று இவருடைய அண்ணன் மகனும் கர்தினால்தான், 1925-ல் ஆனவர். படம் எடுத்துப் போடும்போது பெயரை முழுசாகப் பாருங்கள்.

ஏடு பார்ப்பவர்:

இரண்டாவது கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிட்டு மூன்றாவதுக்கு வருகிறேன். ருசி அதில்தான்.

1917-க்கு முன்னால் ஒரே ‘சட்டப் புத்தகம்’ என்று ஒன்று கிடையாது. 1140 வாக்கில் கிராசியன் தொகுத்தது, 1234-ல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியின் தொகுப்பு, அதற்குப் பிறகு வந்தவை, திரெந்து சங்கத்தின் (16-ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) ஆணைகள், பேராயங்களின் ஆயிரக்கணக்கான பதில்கள். ஒன்றை ரத்து செய்யாமலே இன்னொன்று மேலே ஏறிக் கிடந்தது. 1904 மார்ச் 19-ல் பத்தாம் பயஸ் ஆணை. ஒரு வாரத்துக்குள் உலகத்து பேராயர்களுக்கெல்லாம் கடிதம் போகிறது: உங்கள் கீழுள்ள ஆயர்களைக் கேட்டு, எந்த விதியை மாற்றணும் என்று நான்கு மாதத்தில் எழுதுங்கள்.

பிறகு ஒவ்வொரு தலைப்பையும் ஒன்றுக்கு மேற்பட்ட அறிஞர்களிடம் கொடுத்து, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியாக வரைவு வாங்கினார்கள். அவற்றை அருகருகே வைத்து கஸ்பாரி தலைமையில் விவாதம், அங்கிருந்து கர்தினால்கள் குழு. 1912 முதல் அச்சான வரைவு பகுதி பகுதியாக ஆயர்களுக்குப் போய்த் திருத்தங்களோடு திரும்பியது. கடைசியில் 5 பிரிவு, 2414 விதி. கதை, காரணம், வழக்கு விவரம் எதுவும் விதிக்குள் இல்லை, சிவில் சட்டம்போல எண் போட்ட சின்னச் சின்ன வாக்கியங்கள். இதில் கஸ்பாரிக்குத் துணையாக இருந்த இளம் குருவானவர் யூஜெனியோ பச்செல்லி, பின்னாளில் 12-ஆம் பயஸ்.

இனி உங்கள் பதிவேடு. உறவுப் படி எண்ணும் முறையே 1983-ல் மாறிவிட்டது. பழைய முறையில் பொது முன்னோரிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுவார்கள், இரண்டு பக்கமும் சமமில்லை என்றால் நீளமான பக்கத்தை. இப்போது இரண்டு பக்கத்தையும் கூட்டணும்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் எடுங்கள். பையனிலிருந்து அம்மா 1, தாத்தா 2, அங்கிருந்து இறங்கி மாமன் 3, மாமன் மகள் 4. இன்றைய கணக்கில் நான்காம் படி. பழைய கணக்கில் ஒரு பக்கம் மட்டும், அதனால் இரண்டாம் படி. உங்கள் ஏட்டில் இருப்பது இதுதான், அது முறைப்பெண் கல்யாணம். இன்றைய கணக்கில் இரண்டாம் படி என்றால் கூடப்பிறந்தவர்கள், அதற்கு யாரும் விலக்கு கொடுக்க முடியாது. தாய்மாமனும் அக்காள் மகளும் இன்று மூன்றாம் படி. பழைய ஏட்டில் ‘முதலைத் தொடும் இரண்டாம் படி’ என்று நீட்டி எழுதியிருப்பார்கள்.

எல்லை எதுவரை என்பதும் காலத்துக்குக் காலம் வேறு. 1918 மே 19-க்கு முன் நடந்த கல்யாணம் என்றால் பழைய கணக்கில் நான்காம் படி வரை தடை. அதை மூன்றாம் படி வரை என்று குறைத்தது கஸ்பாரியின் தொகுப்பு (விதி 1076). 1983 நவம்பர் 27 முதல் புதுக் கணக்கில் நான்காம் படி வரை (விதி 1091). 1910-ம் ஆண்டு ஏட்டில் பார்க்கும் ‘நான்கு’ வேறு, இன்றைய ‘நான்கு’ வேறு. முதலாவது பாட்டன் பாட்டியையும் தாண்டி எங்கோ பிரிந்த தூரத்துச் சொந்தம், இரண்டாவது சொந்த மாமன் மகள். எண்ணைப் பார்க்கும் முன் வருஷத்தைப் பாருங்கள். குடும்ப மரம் போடுகிறவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும் (கல்யாணத்துக்கு முன் கோயிலில் அறிவிப்பது) பழைய தொகுப்பின் 1024-ஆம் விதியில் இருந்ததுதான், திரெந்து சங்கத்திலிருந்தே வருவது. 1983 சட்டம் அதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையிடம் விட்டுவிட்டது.

தக்கலை_96:

மேலே சொன்னதெல்லாம் இலத்தீன் ரீத்துக்கு. 1917 தொகுப்பின் முதல் விதியே ‘இது இலத்தீன் திருச்சபைக்கு மட்டும்’ என்கிறது. மலரில் இதை எழுதாமல் விட்டால் பாதி ஊருக்குக் கட்டுரை தப்பாகிவிடும்.

சீரோ மலபார், மலங்கரை போன்ற கிழக்குத் திருச்சபைகளுக்கும் தொகுப்பு வேணும் என்று 11-ஆம் பயஸ் 1929-ல் கர்தினால்கள் குழு அமைத்தபோது அதற்கும் தலைவர் கஸ்பாரிதான், 77 வயதில். அவர் ஆயுசுக்குள் முடியவில்லை. திருமணப் பகுதியை 1949-ல் வெளியிட்டது அவருடைய பழைய உதவியாளர் 12-ஆம் பயஸ். முழுத் தொகுப்பு 1990-ல் அறிவிக்கப்பட்டு 1991 அக்டோபர் 1-ல் அமலானது, 1546 விதி. நம்ம மாவட்டத்தில் கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, குழித்துறை 2014-ல் கோட்டாற்றிலிருந்து. சீரோ மலபாருக்குத் தக்கலையும் மலங்கரைக்கு மார்த்தாண்டமும் 1996-ல் வந்தன. ஆக, ஒரே மாவட்டத்தில் இரண்டு சட்டப் புத்தகம்.

வித்தியாசம் எங்கே கடிக்கும் என்றால்:

மனைவி இறந்தபின் அவள் தங்கையைக் கட்டுவது. கஸ்பாரி தொகுப்பில் இதற்கு விலக்கு வேணும். 1983 இலத்தீன் சட்டம் இந்தத் தடையை எடுத்துவிட்டது. கிழக்குச் சட்டம் எடுக்கவில்லை (விதி 809), அதனால் சீரோ மலபார், மலங்கரை ஆட்கள் இன்றும் விலக்கு வாங்கணும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் உறவும் அப்படியே: இலத்தீனில் இப்போது தடை இல்லை, கிழக்கில் உண்டு (விதி 811), ஞானப்பிள்ளையோடு மட்டுமில்லை, அந்தப் பிள்ளையின் பெற்றோரோடும்.

அடுத்தது, மணமக்கள் இருவருமே கிழக்கு ரீத்து, ஆனால் கோயில் பக்கத்தில் இருக்கிறது என்று இலத்தீன் பங்குத்தந்தை முன்னால் கல்யாணம். அவருக்குத் தன் பங்கு எல்லைக்குள் உள்ள அதிகாரம் மட்டும் போதாது, இருவரில் ஒருவராவது இலத்தீனாக இருக்கணும் (இலத்தீன் சட்டம், விதி 1109). இல்லையென்றால் கிழக்குத் திருச்சபைத் தரப்பிலிருந்து முறையான அதிகாரம் வாங்கணும். வாங்காவிட்டால் கல்யாணம் செல்லாது. ஒருவர் இலத்தீன், ஒருவர் கிழக்கு என்றால் குருவானவர்தான் ஆசீர்வதிக்கணும், திருத்தொண்டர் (டீக்கன், குருவானவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர்) போதாது. குடும்பத்துப் பையன் புதுசாகத் திருத்தொண்டர் ஆகியிருக்கிறான், அவனே கல்யாணம் நடத்தட்டும் என்கிற ஆசையில் தவறு நடப்பது இங்கேதான். 2016-ல் பிரான்சிஸ் திருத்தந்தை இதை இலத்தீன் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார் (1108, பத்தி 3).

மறைக்கல்வி_முளகுமூடு:

மூன்று பேருக்கும் நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். பிள்ளைக்கு இலத்தீன் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தால் பிள்ளை இலத்தீன்தானே?

தக்கலை_96:

இல்லை மக்கா. யார் கொடுத்தார் என்பதை வைத்து ரீத்து வராது. அப்பா அம்மா இருவரும் மலங்கரை என்றால் எந்தக் கோயிலில் கொடுத்தாலும் பிள்ளை மலங்கரை. அப்பா மலங்கரை, அம்மா இலத்தீன் என்றால், இருவரும் சேர்ந்து இலத்தீன் என்று முடிவு செய்யலாம், செய்யாவிட்டால் அப்பா வழி. இருபது வருஷம் இலத்தீன் பூசை கண்டாலும் ரீத்து தானாக மாறாது (இலத்தீன் சட்டம், விதி 112, பத்தி 2). கல்யாணத்தை ஒட்டி மாறணும் என்றால் முறைப்படி அறிவித்து, அது ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் ஏறணும். அதிலும் வித்தியாசம் உண்டு: இலத்தீன் சட்டப்படி கணவனோ மனைவியோ மற்றவர் ரீத்துக்குப் போகலாம், கிழக்குச் சட்டப்படி மனைவிக்கு மட்டும்தான் அந்த உரிமை. கணவன் மாறணும் என்றால் திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அனுமதி வரை போகும்.

ஓலைக்குக் கொடுக்கும்போது புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்று கேட்பது இதற்குத்தான். பிரேம் போட்டு மாட்டியிருக்கிற பழைய சான்றில் ஓரக்குறிப்பு இருக்காது.

குளச்சல்காரன்:

இடையில் ஒரு கேள்வி. இந்தத் திருச்சபைச் சட்டப் படிப்பைக் குருவானவர்கள்தான் படிக்கணுமா?

ஏடு பார்ப்பவர்:

பொதுநிலையினரும் படிக்கலாம், பெண்களும் படிக்கலாம். லைசென்சியேட் பட்டத்துக்கு மூன்று வருஷம், இறையியல் அடிப்படை இல்லாதவர்களுக்கு அதற்கு முன் இரண்டு வருஷம். இந்தியாவில் பெங்களூரில் படிக்கலாம்: இலத்தீன் சட்டத்துக்குப் புனித பேதுரு நிறுவனம், கிழக்குச் சட்டத்துக்குத் தர்மாராம். இலத்தீன் தெரியாமல் உள்ளே போனால் திணறல்தான். பொதுநிலையினர் திருமணத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாகவும் இருக்கலாம்.

முளகுமூடு தம்பிக்கு: மலரில் படிக்கணக்கை எழுத்தில் விளக்காதீர்கள், யாருக்கும் ஏறாது. தாத்தா மேலே, இரண்டு கிளை கீழே என்று ஒரு மரம் வரைந்து, ஒரு நிறத்தில் பழைய எண், இன்னொரு நிறத்தில் புது எண் போடுங்கள். மரத்துக்கு அடியில் 19.5.1918, 27.11.1983 இரண்டு தேதியும் இருக்கட்டும். அந்த இரண்டு தேதியும் இலத்தீன் ரீத்துக்குத்தான், கிழக்கு ரீத்துக்காரர்களுக்கு இன்றைய சட்டம் 1.10.1991 முதல்.